கூடு கடைசியில்

மே 9

அன்புள்ள சிட்டுக்கு,

அண்ணி எழுதுகிறேன். பார்சலைப் பிரித்ததும் இந்தக் கடிதம்தான் மேலே இருக்கும். இதைப் படித்துவிட்டு அப்புறம் துணிக்கட்டை அவிழ். கத்தி வைத்துக் கிழிக்காதே. முடிச்சை இழுத்தால் வந்துவிடும்.

உள்ளே இருப்பது உங்கள் நூலகத்துப் பூச்சிப் புத்தகம். ஜனவரியில் உன் அண்ணன் நேரில் வந்து வாங்கிக்கொண்டு வந்தாரே, அதுதான். பைண்டிங் வேலை முழுக்க முடிந்துவிட்டது. அவர் போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். இத்தனை நாளும் புத்தகம் அவர் மேசையிலேயே இருந்தது. அனுப்பிவிட்டால் மேசை காலியாகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். நேற்று துடைக்கும்போது பார்த்தால் அட்டை ஓரத்தில் தூசி ஏறியிருக்கிறது. அவர் இருந்தால் கத்தியிருப்பார். அதனால் கட்டிவிட்டேன்.

உனக்கு நன்றி சொல்லவும்தான் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக உங்கள் நூலகத்துப் பழைய புத்தகங்களை எல்லாம் நீ அவரிடம்தான் அனுப்பினாய். மற்ற வேலை என்றால் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். உன் கட்டு வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். "தங்கச்சி அனுப்பின வேலை, காதும் சேர்ந்து பார்க்கணும்" என்பார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தது நீ.

இந்தப் புத்தகம் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பூச்சியைப் பற்றிய புத்தகத்தைப் பூச்சியே அரித்திருந்ததில் ஒரே சிரிப்பு. "பாத்தியா, தன்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு உள்ள போய்ப் படிச்சிருக்கு. பிடிக்கல போல, தின்னுடுச்சு."

இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பாதிரியார் எழுதியதாமே. வீட்டில் கண்ணாடி ஜாடிகளில் பூச்சி வளர்த்தவராம். ஒவ்வொன்றையும் வரைந்து, கடவுள் அதை வைத்து நமக்கு என்ன சொல்கிறார் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறாராம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிந்த பாஷையே எனக்கு எழுத்துக்கூட்டித்தான். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாணி உருட்டுகிற வண்டுக்குக்கூட ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார். சாணி வண்டை வைத்து ஒரு மனுஷன் கடவுளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? நேரம் கிடைத்தால் எனக்கு எழுது.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். கீழ்வீட்டுத் தையற்காரர் மனைவி நேற்று வந்தாள். "அக்கா, புழுவா இருந்தவரு இப்ப பட்டாம்பூச்சியாப் பறந்துட்டாரு, நீங்க அழக்கூடாது" என்றாள். தங்கமான மனசு அவளுக்கு. ஆனால் என்னோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினவர் புழுவா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மே 20

அண்ணிக்கு,

புத்தகம் சேதமில்லாமல் வந்தது. கட்டியிருந்த அழகைப் பார்த்து அலுவலகத்தில் எல்லாரும் மெச்சினார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான்கு நாளாக இந்தத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருக்கிறேன்.

புத்தகத்தில் ஒன்பது பகுதிகள். முதல் எட்டும் சரியாக இருக்கின்றன. கடைசிப் பகுதி விட்டில்பூச்சியைப் பற்றியது. அதில் நான்கு தாள்மடிப்புகள், நீங்கள் பாரம் என்று சொல்வீர்களே, அவை இடம் மாறித் தைக்கப்பட்டிருக்கின்றன. முன்பு யாரோ ஓரம் வெட்டியபோது பக்க எண்களும் சேர்ந்து போய்விட்டதால், மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. படித்தால் தெரியும். தலைமை நூலகர் படித்துவிட்டார்.

பதினெட்டு வருஷத்தில் அண்ணன் ஒரு பாரத்தை மாற்றி வைத்ததில்லை. அதனால் முதுகுப் பக்கம் பிரித்துப் பார்த்தேன். தையலின் கடைசியில் இருக்கிற முடிச்சு அவருடையது அல்ல. அவர் முடிச்சு எனக்கு என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். இது துணி தைக்கிறவர்கள் போடுகிற முடிச்சு.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் இங்கே வந்தபோது அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். "என்னண்ணா?" என்றேன். "உங்க ஊர்க் குளிர்" என்றார். நானும் நம்பினேன். ஏப்ரல் இரண்டாம் தேதி நான் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "திடீர்னு நெஞ்சு வலின்னாரு, போயிட்டாரு" என்றீர்கள். அதையும் நம்பினேன்.

தலைமை நூலகர் எழுத்தில் விளக்கம் கேட்கிறார். புத்தகத்தைப் பிரித்துத் தைக்க வேறு ஒருவரிடம் கொடுக்கப்போகிறார். அப்படிக் கொடுத்தால் அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அண்ணனின் பெயர்ச்சீட்டும் போய்விடும். அது அவருடைய கடைசி வேலை. அவருக்காக விளக்கம் எழுத நான் இருக்கிறேன். ஆனால் எதை எழுதட்டும்?

என் அண்ணன் எப்போதிலிருந்து ஊசி பிடிக்க முடியாமல் இருந்தார்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மே 27

சிட்டு,

அக்டோபரிலிருந்து.

சுற்றி வளைக்காமல் கேட்டாய், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதலில் கத்தரி கையிலிருந்து விழுந்தது. அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். கண்ணாடி மாற்றினோம். கண்ணில் ஒன்றுமில்லை, கையில்தான். அப்புறம் சாப்பாடு குறைந்தது. சட்டை தொளதொளவென்று ஆயிற்று. நவம்பரில் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். அதிகம் போனால் ஆறு மாதம் என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போது உன் அண்ணன் பேசின முதல் வார்த்தை, "சிட்டுக்குச் சொல்லிடாதே."

"அது எப்படிங்க?" என்றேன்.

"அவ வந்து நின்னா அழுவா. அவ அழுதா நான் நோயாளி ஆயிடுவேன். இப்ப நான் பைண்டர். இருக்கிற வரைக்கும் பைண்டராவே இருந்துட்டுப் போறேனே."

நான் சரி என்றேன். இதுதான் காரணம் என்று எழுதி நிறுத்திவிடலாம். நீயும் நம்புவாய். ஆனால் இது பாதிதான், சிட்டு. மீதிப் பாதி என்னுடையது. நீ வந்தால் நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயசுக் கதையைத் தொடங்கிவிடுவீர்கள். அதில் எனக்கு இடமில்லை. நான் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவேன். இருந்ததே கொஞ்ச நாள். அதைப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமும் இல்லை.

தைத்தது நான்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த மேசையில் எனக்குக் கிடைத்த வேலை பசை கிண்டுவதும் நூலுக்கு மெழுகு தடவுவதும்தான். ஆனால் கண் சும்மா இருக்குமா? பார்த்துப் பார்த்தே தெரிந்துவிட்டது. முடிச்சு மட்டும் எனக்கு அவர் போடுகிற மாதிரி வரவில்லை. பொத்தான் தைக்கிற முடிச்சுதான் போட்டேன். அது என்றைக்கும் அவிழாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் வந்த இரண்டு புத்தகங்களும் நான் தைத்ததுதான். உங்கள் தலைமை நூலகர் "வேலை பிரமாதம்" என்று தனியாகக் கடிதம் போட்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உன் அண்ணன் அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தியா என் கை வேலைய!" என்று மார்தட்டினார். நான் பசைக் கரண்டியை ஓங்கினேன்.

இப்போது இந்தப் புத்தகம். எட்டுப் பகுதிக்கும் அவரே ஒவ்வொரு பாரத்தின் மூலையிலும் பென்சிலில் நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டார். கடைசிப் பகுதிக்கு வரும்போது பென்சிலும் நிற்கவில்லை. மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை. அவர் கட்டிலில், நான் ஜன்னலோரம் மேசையில். படுத்தபடியே சொன்னார், "முதல்ல சிறகு. அப்புறம் முட்டை. அப்புறம் புழு. கூடு கடைசில."

மருந்து ஆளை மயக்கும், சம்பந்தமில்லாமல் பேசுவார், மறுத்துப் பேசாதீர்கள், சரி சரி என்று சொல்லிக்கொண்டிருங்கள் என்று டாக்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால் சரி என்றேன். எங்கள் வாசலில் ஒரு எலுமிச்சைச் செடி இருக்கிறது. புழு எப்படி எப்படி ஆகிறது என்று வருஷா வருஷம் பார்க்கிறவள் நான். கூட்டிலிருந்துதானே சிறகு வரும்? சிறகை முதலில் வைத்துக் கூட்டைக் கடைசியில் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அவர் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று முட்டை, புழு, கூடு, சிறகு என்று அடுக்கித் தைத்துவிட்டேன். இரண்டு தரம் கேட்டார், "கூடு கடைசிலதானே வச்சே?" இரண்டு தரமும் ஆமாம் என்றேன்.

இதில் எது இடம் மாறியிருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் தப்பு என்னுடையது. விளக்கத்தில் என்னைப் போட்டு எழுது. அவர் சீட்டை மட்டும் கிழிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூன் 16

சிட்டு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் முன்பெல்லாம் நான் வாசலுக்கு வருகிறவரை நிற்பார். இப்போது தெருமுனையிலிருந்தே "இல்லம்மா" என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார். கோபம் உனக்கு நியாயம்தான். பேசச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று. அந்த ஐந்து மாதத்தில் அவர் உன்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. பள்ளிக்கூட வாசலில் உன் செருப்பைத் தொலைத்துவிட்டு, தன் செருப்பை உனக்கு மாட்டி, "பெரிய காலு, பெரிய காலு" என்று நீ அழ அழக் கூட்டிவந்தது முதற்கொண்டு எல்லாம் எனக்குத் தெரியும். ஞாபகம் இருக்கிறதை எல்லாம் எழுதித் தருகிறேன். பத்துப் பக்கமாவது வரும். நான் உனக்குத் தராமல் வைத்துக்கொண்ட பங்கு அது. என் எழுத்தைப் பொறுத்துக்கொள்வாய் என்றால் ஒரு வரி போடு.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணி,

எழுதுங்கள். பத்துப் பக்கம் போதாது.

ஒரு மாதமாக உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பேருந்தில் எடுப்பேன், படிப்பேன், மடித்து வைப்பேன். பங்கு போட மனசு வரவில்லை என்ற இடம் வரும்போதெல்லாம் உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும். ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மா, "என்னம்மா, துக்கச் செய்தியா?" என்றார். "இல்லைங்க, எங்க அண்ணி" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் "அவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு" என்று மொத்தத்தையும் அண்ணன் தலையில் போட்டிருப்பார்கள். நீங்கள் போடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கைப்பைக்குள் அடங்குகிற அளவுக்கு ஆகியிருக்கிறது.

இனி வருவதை உட்கார்ந்து படியுங்கள், அண்ணி.

அண்ணன் குழம்பவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன வரிசைதான் சரியான வரிசை. சிறகு, முட்டை, புழு, கடைசியில் கூடு. ஜனவரியில் புத்தகத்தை வாங்க வந்தபோது இந்தப் பகுதியை நானே அவருக்கு வாய்விட்டுப் படித்துப் பொருள் சொன்னேன். பக்க எண் இல்லை, மாறிவிடக் கூடாது என்பதற்காக. பாதிரியார் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். காரணத்தையும் கடைசித் தாளில் எழுதியிருக்கிறார். அதை உங்களுக்காக நம் பாஷையில் எழுதிப் பார்த்தேன். அழகு போயிருக்கும், பொருள் போகவில்லை.

"சிறகை எல்லாரும் அறிவார்கள். விளக்கைத் தேடி அதுவே வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது. எனவே அறிந்ததிலிருந்து தொடங்கினேன். இந்த வருஷம் என் ஜாடிகளில் பதினாறு கூடுகள். ஒன்பதிலிருந்து சிறகு வந்தது. ஏழிலிருந்து வரவில்லை. எது வரும், எது வராது என்று வெளியே இருந்த எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. என் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பிரசங்க மேடையில் ஏறினால் நான் சிறகைப் பற்றிப் பேசுவேன். பேசச் சொல்லித்தான் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை நம்பவும் செய்கிறேன். ஆனால் இந்தப் புத்தகத்தில் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவது என்று முதல் பக்கத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கண்டது இதுதான்: கூடு மூடியிருக்கிறது. காதருகில் வைத்தால் உள்ளே ஏதோ வேலை நடப்பது கேட்கிறது. அது என் வேலை இல்லை. ஆகவே கூட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்."

நான் படித்து முடித்ததும் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடி படி" என்றார். படித்தேன். "இந்தாளுக்குக் கையில பொய் வராது போலிருக்கு" என்றார். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு மாதம் முடிந்திருந்தது அப்போது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மறுபடி படி என்று மட்டும் கேட்டிருக்கிறார். நான் படித்திருக்கிறேன். ஆக, என்னிடமிருந்தும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்று இருக்கிறது. இது எனக்குத் தெரியவந்ததே நீங்கள் பாரத்தை மாற்றித் தைத்ததால்தான். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சாணி வண்டைக் கேட்டிருந்தீர்கள். "நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவதை ஒருவன் சந்தோஷமாக வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போகிறான். எனக்கு அப்போது ஆறுதலாக இருக்கிறது. என்னையும் மூக்கைப் பொத்தாமல் எடுத்துக்கொண்டு போக ஒருவர் இருப்பார்." ஈயைப் பற்றி ஒரே வரி: "நாள் முழுக்கக் கையைக் கூப்பிக்கொண்டிருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்." எறும்பை எல்லாரும் உழைப்பாளி என்கிறார்கள், இவர் ஒரு முற்பகல் முழுக்க ஒரே எறும்பைப் பார்த்திருக்கிறார். மூன்று தரம் வழி தவறியதாம். மூன்று தரமும் இன்னொரு எறும்பு வந்து எதிரில் நின்றதாம். "அதன் உழைப்பைப் புகழ மாட்டேன். அதைத் தேடி வந்ததைப் புகழ்வேன்" என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் அலுவலக விஷயம். உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. நடந்ததை மட்டும் தலைமை நூலகரிடம் சொன்னேன். முந்தைய இரண்டு புத்தகங்களையும் எடுத்துவந்து அவர் மேசையில் வைத்து முடிச்சைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப நான் பிரமாதம்னு எழுதினது யாருக்கு?"

"எங்க அண்ணிக்கு, சார்."

முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "மாத்தித் தைச்சவங்களே வந்து சரியாத் தைச்சுக் கொடுக்கட்டும். வெளியில கொடுக்க வேணாம்" என்றார். சீட்டும் அப்படியே இருக்கும்.

வாருங்கள், அண்ணி. பழுது பார்க்கும் அறையில் ஜன்னலோரம் மேசை இருக்கிறது. என் வீட்டில் இன்னொரு கட்டிலும் இருக்கிறது. டீ நான் போடுகிறேன். நீங்கள் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும்.

உங்கள்
சிட்டு


ஜூலை 9

அன்புள்ள சிட்டுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கே அவ்வளவு சந்தோஷம். வாசலில் நின்றபடியே பிரித்தேன். உட்கார்ந்து படியுங்கள் என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாணி வண்டுக் கதையைத் தையற்காரர் மனைவியிடம் சொன்னேன். "அப்ப கடவுளுக்கு மூக்கே இல்லையாக்கா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சிரிக்கிறதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பாதிரியாருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் போய் இருநூறு வருஷம் ஆனாலும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிறகைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த மனுஷர் ஒருவர்தான் தானும் ஒருத்தியைப் பறிகொடுத்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மூடின கூட்டுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார எனக்குச் சுலபமாக இருக்கிறது.

வருகிற புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. உங்கள் ஊரில் எனக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. நூல் நான் மெழுகு தடவியே கொண்டுவருகிறேன். முட்டையை எங்கே வைப்பது, புழுவை எங்கே வைப்பது என்று நீ பக்கத்தில் நின்று சொல். இந்தத் தரம் சொன்னபடி கேட்கிறேன்.

நேரில் சொல்ல வராது என்பதால் இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் பாரத்தின் வரிசையை மட்டும் சொல்லவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "உன் தையல் என்னுதைவிட நேரா இருக்கு" என்றார். "இத்தனை வருஷம் உன்னைப் பசை கிண்ட விட்டேன் பாரு, நான் ஒரு மடையன்" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன்னோட இருந்தது நல்லா இருந்துச்சு" என்றார்.

சிட்டு, உன் அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். சாப்பாடு நன்றாக இருந்தால்கூடத் தட்டைப் பார்த்துத்தான் சொல்வார், என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. வந்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மருந்து நன்றாக ஏறிவிட்டது என்று நினைத்தேன். கூட்டைக் கடைசியில் வைக்கச் சொன்ன அதே வாய்தானே, பாவம், என்னென்னவோ பேசுகிறார் என்று நினைத்தேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடியே, "சரி சரி, தூங்குங்க" என்றேன். அவரும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மாதமாக அந்தப் பேச்சை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை. மருந்து பேசினது, என்னிடம் சொன்னது இல்லை என்று தள்ளி வைத்திருந்தேன். இப்போது நீ எழுதியிருக்கிறாய், அண்ணன் குழம்பவில்லை என்று. பாரத்தின் வரிசை சரி என்றால் அந்தக் காலை அவர் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார். தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

பதில் சொல்லாமல் அவரைத் தூங்க அனுப்பிவிட்டேன். அவருக்கென்று இந்த உலகத்தில் கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான் இருக்கிறாய். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை உன்னிடம் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்.

எனக்கும் நல்லா இருந்துச்சுங்க.

அண்ணி